துணிக்கடைக்கு லைட் மாற்றப் போகிறவர்கள் கவனத்துக்கு: ‘சிஆர்ஐ 95’ என்று சொல்லி எனக்கு மாட்டிவிட்டுப் போனது

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் துணிக்கடை, நகைக்கடை, தையல்கடை வைத்திருப்பவர்கள் தீபாவளிக்கு முன்னால் கடையைப் புதுப்பிக்கும் நேரம் இது. வெளியூர்க் குத்தகையாளர் ஒருவர் கடை கடையாக ஏறி, “பழைய ட்யூபெல்லாம் கழட்டிட்டு ஃபுல்லா எல்இடி போட்டுத் தரேன், கரண்டு பில்லு பாதியாயிடும்” என்று கொட்டேஷன் கொடுத்து வருகிறார். கரண்டு பில் குறைந்தது உண்மைதான். அவர் சொன்னதில் உண்மை அது ஒன்றுதான்.

எங்கள் கடைக்கு வருபவர்களில் பாதிக்கு மேல் தோட்டத்து ஆட்கள். சேலையை மேசையில் விரித்துப் பார்ப்பார்கள், பிறகு தூக்கிக்கொண்டு அஞ்சடிக்கு, அதாவது கடை வாசல் நடைபாதைக்குப் போய் வெளிச்சத்தில் ஒரு தடவை பார்ப்பார்கள், அதற்கப்புறம்தான் விலை பேச்சு. என் மாமியார் கல்லாவில் உட்கார்ந்த காலத்திலிருந்து இதுதான் வழக்கம். அந்த நடை மிச்சமாகட்டும் என்றுதான் நல்ல லைட் போட நினைத்தேன். கேட்டதையும் தெளிவாக வாட்ஸ்அப்பில் எழுதியே கேட்டேன்: 4000 கெல்வின், சிஆர்ஐ 90-க்கு மேல். கெல்வின் என்பது விளக்கின் வெள்ளை மஞ்சள் பக்கமா நீலப் பக்கமா என்ற கணக்கு, சிஆர்ஐ என்பது நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்று நூற்றுக்குப் போடும் மார்க். பதில் வந்தது: “95 போடுறேன்க்கா. ஜெர்மன் சிப்பு. கவலையே படாதீங்கலா.” மொத்தம் 7,200 வெள்ளி, முன்பணமாக 4,500 கட்டினேன்.

லைட் எரிந்த அன்று கடை பளிச்சென்று இருந்தது. பளிச்சென்று இருந்ததால் எல்லோருக்கும் சந்தோஷம். அரக்குச் சேலையை எடுத்து விரித்தபோதுதான் தெரிந்தது. அரக்கு பழுப்பாக நின்றது. குங்குமச் சிவப்பு செங்கல் நிறம். மயில்கழுத்தில் பச்சை எது, நீலம் எது என்று தையல் அக்காவே தடுமாறினார். அதைவிட மோசம் மேட்சிங் பிளவுஸ். கடைக்குள் சேலையோடு நூல் பிடித்தமாதிரி சேர்ந்த துணி, வீட்டுக்குக் கொண்டுபோனால் வேறு நிறம். இரண்டு துணிக்கும் போட்ட சாயம் வேறு வேறு. ஒரு விளக்கின் கீழ் ஒன்றாகத் தெரியும் இரண்டு சாயம் வெயிலில் பிரிந்துவிடும். திருப்பிக் கொண்டுவந்தவர்களிடம் நான் என்ன சொல்வது? வெட்டிய துணியை மாற்றிக் கொடுத்தேன், நட்டம் என்னுடையது.

போன் போட்டேன். “புது லைட்டுக்கா, கண்ணு பழகிடும்” என்றார். அடுத்த முறை, “உங்க ஏரியா வோல்டேஜ் சரியில்ல, டிஎன்பிய கேளுங்க” என்று மின்சாரக் கம்பெனியைக் கைகாட்டினார். அதற்கும் அடுத்த முறை, வெளிச்சம் பற்றவில்லை, இன்னும் பத்து லைட் போட்டால் சரியாகிவிடும், அதற்குத் தனிக் காசு என்றார். இந்த மூன்றையும் உங்களிடமும் சொல்வார், அதனால் ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

கண் பழகுவது விளக்கின் பொது நிறத்துக்கு. மஞ்சள் விளக்கிலோ வெள்ளை விளக்கிலோ கொஞ்ச நேரம் இருந்தால் வெள்ளைத் தாள் வெள்ளையாகத் தெரிய ஆரம்பிக்கும், அது சரி. ஆனால் விளக்கிலேயே இல்லாத நிறத்தைக் கண் உண்டாக்கிக்கொள்ளாது. வெள்ளை எல்இடி என்று நாம் வாங்குவது பெரும்பாலும் ஒரு நீலச் சிப், அதன்மேல் பூசிய மஞ்சள் ஒளிரும் பூச்சு. நீலமும் மஞ்சளும் கலந்து கண்ணுக்கு வெள்ளை. ஆழ்ந்த சிவப்பு அதில் மிகக் குறைவு. சிவப்புத் துணி சிவப்பாகத் தெரிய வேண்டுமென்றால் விளக்கிலிருந்து சிவப்பு வந்து துணியில் பட்டுத் திரும்ப வேண்டும். வராததை எது திருப்பும்? நல்ல கம்பெனிகள் சிவப்புப் பூச்சும் சேர்க்கின்றன. அதற்குச் செலவு கூடும், அதே வாட்டுக்கு லூமென், அதாவது விளக்கு தரும் வெளிச்சத்தின் அளவு, கொஞ்சம் குறையும். மலிவு விளக்கு அதிகப் பளிச்சென்று இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதையே “பவர்” என்று விற்கிறார்கள்.

பழைய குண்டு பல்பில் இந்தச் சிக்கல் கிடையாது. இழை சூடேறி எரிவதால் எல்லா நிறமும் தொடர்ச்சியாக வரும், சிஆர்ஐ ஏறக்குறைய 100. ஆனால் அதில் நீலம் குறைவு. லயத்து வீட்டு மஞ்சள் பல்பின் கீழ் கருநீலத்தையும் கறுப்பையும் பிரிக்க முடியாமல் பட்ட பாடு வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அதனால்தான் சிஆர்ஐ மட்டும் கேட்டால் போதாது, கெல்வினும் கேட்க வேண்டும். 2700 மஞ்சள், 4000 நடு வெள்ளை, 6500 நீலம் கலந்த வெள்ளை. துணிக்கு 4000 வாக்கில் இருந்தால் சிவப்பும் நீலமும் இரண்டும் தப்பிக்கும் என்பது என் அபிப்பிராயம். நகைக்கடைக்காரர்கள் தங்கத்துக்கு 3000 கேட்பார்கள், அவர்கள் கணக்கு வேறு.

வோல்டேஜ் கதை சுத்தப் பொய். நம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வோல்டேஜ் ஏறி இறங்கினால் விளக்கு மங்கலாம், மினுக்கலாம், விளக்குக்கு மின்சாரத்தைச் சீராக்கிக் கொடுக்கும் டிரைவர் என்ற பாகம் செத்தும் போகலாம். அரக்கு பழுப்பாகாது.

பத்து லைட் கூடப் போடும் யோசனை, அதே கள்ள மனசின் அடுத்த பில். ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமென் விழுந்தால் ஒரு லக்ஸ். நம் நாட்டுத் தர ஆவணம் எம்எஸ் 1525 கடைக்கும் அலுவலகத்துக்கும் சொல்லும் அளவு 300 முதல் 400 லக்ஸ். தம்பி முறையில் ஒரு பையன் ஈப்போவில் விளக்கு வேலை பார்க்கிறான், அவன் மீட்டரோடு வந்து பார்த்தான். மேசைமேல் 600-க்கு மேலேயே காட்டியது. வெளிச்சத்துக்கு ஒரு குறையும் இல்லை. சிஆர்ஐ 72. ஆர்9 மைனஸில் கிடந்தது. ஸ்டிக்கரில் 4000 என்றிருந்தது, மீட்டரில் 6,200 கெல்வின்.

அந்த ஆர்9-ஐ எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். பெட்டியில் ‘ஆர்ஏ 80’ என்று போட்டிருப்பதும் சிஆர்ஐதான், எட்டு வெளிறிய நிறங்களின் சராசரி. நல்ல ரத்தச் சிவப்பு அந்த எட்டில் இல்லை, ஒன்பதாவதாகத் தனியே நிற்கிறது, அதுதான் ஆர்9. ஆக ஆர்ஏ 80 உள்ள விளக்கில்கூட ஆர்9 பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கலாம், பொய்யே சொல்லாமல் ஏமாற்றலாம். பட்டு, குங்குமம், இறைச்சி, மனிதத் தோல் எல்லாம் இந்த ஒரு எண்ணில் இருக்கிறது. 90-க்கு மேல் ஆர்ஏ, 50-க்கு மேல் ஆர்9 என்று எழுதி வாங்குங்கள்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், அவர் கழற்றிய பழைய ட்யூபில் ஒன்று ஸ்டோரில் கிடந்தது. அதன் ஓரத்தில் 840 என்று அச்சு. முதல் எண் 8 என்றால் சிஆர்ஐ எண்பதுகளில், பின்னால் வரும் 40 என்றால் 4000 கெல்வின். 7,200 வெள்ளி பேசி, இருந்ததைவிடக் கீழான லைட்டை வாங்கியிருக்கிறேன்!

மற்றக் கோளாறுகளும் உண்டு. வாசல் போர்டுக்கு ஐபி20 விளக்கு மாட்டியிருந்தார். அது தண்ணீருக்கு எந்தக் காப்பும் இல்லாத, உள்ளே மட்டும் போடும் ரகம், சாயங்கால மழை ஒன்றிலேயே உள்ளே தண்ணீர். மழை படும் இடத்துக்கு ஐபி65 கேளுங்கள். கண்ணாடி அலமாரிக்கு 24 பாகை ஸ்பாட் பேசினோம், மூன்று மீட்டர் தூரத்தில் ஒண்ணேகால் மீட்டர் அகல வட்டம் விழுந்திருக்க வேண்டும். வந்தது அறை முழுக்கப் பரவும் ரகம், ஜரிகை மினுங்கவே இல்லை. போன் கேமராவைக் காட்டினால் கோடு கோடாக ஓடியது. மட்டமான டிரைவர், விளக்கு விநாடிக்கு 100 முறை மினுக்குகிறது. தையல் அக்கா தலைவலி தலைவலி என்று சொன்னது சும்மா இல்லை. சீலிங்குக்குள் ஏறிப் பார்த்த தம்பி ஒன்றும் பேசாமல் ஒரு போட்டோ மட்டும் எடுத்துக் காட்டினான்: ஒயர் முடிச்சுகளில் வெறும் டேப். ஒயரிங் வேலைக்குச் சுருஹான்ஜாயா தெனாகா என்ற எரிசக்தி ஆணையத்தில் பதிந்த குத்தகையாளர் வேண்டும், சான்று பெற்ற ஒயர்மேன் வேண்டும். வந்த இரண்டு பையன்களிடம் என்ன இருந்தது என்று இன்றுவரை அவர் காட்டவில்லை. விளக்குகளில் தரச் சான்றான சிரிம் லேபிளும் இல்லை.

கொட்டேஷனில் வெறும் வாட் மட்டும் எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். வாட் என்பது செம்பனைப் பழம் ஏற்றும் லோரி எவ்வளவு எண்ணெய் குடிக்கிறது என்ற கணக்கு, எத்தனை டன் ஏற்றுகிறது என்பது லூமென். பழைய 60 வாட் குண்டு பல்பு கொடுத்த 700, 800 லூமென்னை எட்டு, ஒன்பது வாட் எல்இடி கொடுத்துவிடுகிறது. லூமென், கெல்வின், ஆர்ஏ, ஆர்9, ஒளிக் கோணம், ஐபி, பிராண்டு, மாடல் எண் எல்லாம் வரிக்கு வரி இருக்கட்டும். “50,000 மணி நேரம் வரும்” என்றால் எல்70-யா என்று கேளுங்கள். வெளிச்சம் 70 விழுக்காட்டுக்கு இறங்கும்வரை உள்ள காலம் அது. தகரக் கூரைக்கு அடியில், காற்றோட்டம் இல்லாத சீலிங்கில் அந்தக் கணக்கு செல்லாது, சூட்டில் டிரைவர் முதலில் போகும். முன்பணம் கொடுக்குமுன் ஒரே ஒரு விளக்கை மாதிரிக்கு வாங்கி, உங்கள் அரக்குச் சேலைமேல் எரியவிட்டுப் பாருங்கள். மாதிரி தர மறுக்கிறவரை வாசலோடு அனுப்புங்கள்.

பணம் போனவர்களுக்கு: வீட்டு வேலை என்றால் ட்ரிபியூனல் என்று நாம் சொல்லும் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரை கோரலாம், கட்டணம் 5 வெள்ளி, மூன்று ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும். நான் கடைக்குச் செய்த வேலை என்பதால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை வழியில் போகிறேன். அங்கே 5,000 வெள்ளி வரை, வக்கீல் தேவையில்லை, பாரம் 198. வாட்ஸ்அப் பேச்சு, ரசீது, மீட்டர் எண்களின் படம், சீலிங் போட்டோ எல்லாம் இணைத்தாயிற்று. மிச்ச 2,700-ஐக் கேட்டு அவரும் மெசேஜ் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார், அதையும் சேர்த்தே இணைத்தேன்.

பெயரைக் கேட்டு இன்பாக்ஸ் வராதீர்கள், விசாரணை முடியும்வரை சொல்ல மாட்டேன். கையில் கொட்டேஷன் வைத்திருப்பவர்கள் கம்பெனிப் பெயரை மறைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறான்.