டேட்டிங் செயலியில் மூன்று வருடம்: பாளையங்கோட்டையிலிருந்து என் அனுபவம்

போனில் செயலியை இறக்கி மூன்று வருடம் ஆகப்போகிறது. முதலில் ஆட்களைக் காட்டும் தூரத்தை 10 கிலோமீட்டர் என்று வைத்தேன். மூன்றாவதாக வந்த முகம் பெரியம்மா மகன். அன்றைக்கே 100 ஆக்கினேன். தூத்துக்குடி, நாகர்கோவில் ஆட்களும் வந்தார்கள். என் படத்தை நீக்கிவிட்டுத் தாமிரபரணிப் படித்துறையின் படத்தைப் போட்டேன். முகம் இல்லாத பெண்ணைப் பலர் போலிக் கணக்கு என்றுதான் நினைக்கிறார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது.

நான் வைத்திருக்கும் செயலியில், திருமணத் தளங்களில் இருப்பதுபோல் சாதிக்கென்று கட்டம் கிடையாது. நான் வந்ததே அதற்காகத்தான். ஆனால் நம்மூரில் பெயருக்குப் பின்னால் சாதி போடுகிறவர்கள் குறைவு. அதனால் பேச்சு வேறு வழியாக அங்கே போகிறது. ‘சாப்பிட்டாச்சா’ முடிந்ததும் ‘சொந்த ஊர் எது?’ என்று ஒருவர் கேட்டார். அம்பாசமுத்திரம் பக்கம் என்றேன். ‘பக்கம்னா எந்த ஊரு?’ சொன்னேன். ‘அங்க எந்தத் தெருவுல இருக்கிய?’ அதையும் சொன்னேன். படித்துவிட்டார் என்று காட்டியது, பதில் வரவில்லை. இரண்டு வாரம் தினமும் ராத்திரி பேசியவர். இதே மாதிரி நான்கு பேர். ஒருவர்கூடச் சாதி என்ற வார்த்தையைச் சொல்லவில்லை.

ஸ்டான்ஃபோர்டு சமூகவியலாளர் மைக்கேல் ரோசன்ஃபெல்டும் குழுவினரும் 2019-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் 2017-ல் சந்தித்த ஆண்-பெண் ஜோடிகளில் சுமார் 39 சதவீதம் பேர் இணையத்தில் அறிமுகமானவர்கள். நண்பர்களும் குடும்பமும் செய்துவந்த அறிமுக வேலை அங்கே இணையத்துக்குப் போய்விட்டது. இங்கே தரகர் போனார், அவருடைய கேள்விகளைப் பையன்களே கேட்கிறார்கள். 2011-12 இந்திய மனித வளர்ச்சி ஆய்வில் சாதி மாறிய திருமணங்கள் நூற்றுக்கு ஐந்துதான்.

2025 ஜூலையில் இதே பாளை கே.டி.சி. நகரில், காதல் விவகாரத்தில் ஒரு தலித் இளைஞர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். ஒரு வாரம் செயலியைத் திறக்கவே கை வரவில்லை. அப்புறம் தெரு கேட்ட ஒருவரிடம், ஏன் கேட்கிறீர்கள் என்று நேராகவே கேட்டேன். ‘எனக்கு ஒண்ணும் இல்ல. வீட்டுல ஒத்துக்க மாட்டாவ. பின்னாடி ஆபத்து உங்களுக்குத்தான்’ என்றார். அவர் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. அன்றைக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

இப்போது தென்காசிக்காரர் ஒருவரோடு ஐந்து மாதமாகப் பேசுகிறேன். ஊரோடு நிறுத்திக்கொண்டார், தெரு கேட்கவில்லை. போன மாதம் ஜங்ஷன் பக்கம் ஒரு காபிக் கடையில், காலை 11 மணிக்குச் சந்தித்தோம். எங்கே, யாரோடு, எத்தனை மணி வரை என்று தோழியிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். இந்த ஊரில் முதல்முறை சந்திக்கப் போகிற பெண்கள் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.