லினக்ஸில் டி டிரைவ் திறக்க மறுக்கிறதா? எந்த வழி, எந்த வரிசையில்

ஒரே கணினியில் விண்டோஸையும் லினக்ஸையும் வைத்துக்கொண்டவர்களுக்குப் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே இந்தத் தொல்லை வந்துவிடும். விண்டோஸில் டி டிரைவாக இருந்த பார்ட்டிஷன் (டிஸ்கில் பிரித்து வைத்த ஒரு பகுதி) லினக்ஸின் ஃபைல் மேனேஜரில் கண்ணுக்குத் தெரியும், ஆனால் கிளிக் செய்தால் திறக்காது. இல்லையென்றால் திறக்கும், ஒரு கோப்பைக்கூடச் சேமிக்க விடாது. இதற்குச் சொல்லப்படும் தீர்வுகள் பல. எல்லாமே ஏதோ ஒரு சூழலில் வேலை செய்யும் என்பதால்தான் குழப்பமே வருகிறது. எதை முதலில் செய்கிறோம் என்பதில்தான் உள்ளே இருக்கும் கோப்புகளின் கதி இருக்கிறது.

முதலில் காரணம். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒரு வசதி இருக்கிறது. அது இயங்கும்போது ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. தன் கர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) நிலையை ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டு உறங்குகிறது. பார்ட்டிஷன்களை விடுவிக்காமலேயே உறங்குகிறது என்பதுதான் முக்கியம். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற கணக்கில் ஒரு பகுதி அந்த உறக்க நிலைக்குள் இருக்கிறது. அந்த நேரத்தில் லினக்ஸ் உள்ளே போய் எதையாவது எழுதினால், விண்டோஸ் விழித்தெழுந்து பழைய கணக்கின் மேலேயே எழுதத் தொடங்கும். கோப்புகள் சிதைவது அப்படித்தான். ஆகவே லினக்ஸ் திறக்க மறுப்பதைக் கோளாறாக நினைக்காதீர்கள், அது உங்கள் தரவைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

இதைத் தீர்க்க நான்கு வழிகள் உண்டு. விண்டோஸுக்குள் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்துவது, அங்கேயே டிஸ்கைச் சோதித்துச் சரிசெய்யும் செக்டிஸ்க் கட்டளையை ஓட்டுவது, லினக்ஸிலிருந்தே என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் கட்டளையை ஓட்டுவது, உறக்கக் கோப்பை அழிக்கச் சொல்லி மவுண்ட் செய்வது (அதாவது பார்ட்டிஷனை லினக்ஸில் இணைத்துத் திறப்பது).

கடைசியில் சொன்னது வேகமானது. ஒரே கட்டளை, டிரைவ் திறந்துவிடும். ஆனால் விண்டோஸ் சேமித்து வைத்திருந்த நிலை மொத்தமும் போய்விடும். ஹைபர்னேட் செய்தபோது (எல்லாவற்றையும் திறந்தபடியே உறங்க வைத்தபோது) சேமிக்காத வேலை ஏதாவது திறந்திருந்தால் அதுவும் சேர்ந்து போகும். விண்டோஸ் கிளம்பவே கிளம்பாது என்ற நிலையில் மட்டும் நான் இதைத் தொடுவேன்.

என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். பெயரைப் பார்த்து இது செக்டிஸ்க்கின் லினக்ஸ் வடிவம் என்று நினைத்துவிடுகிறோம். அப்படி இல்லை. சில அடிப்படை முரண்களைச் சரிசெய்கிறது, ஜர்னலை (மாற்றங்களைக் குறித்து வைக்கும் பதிவேடு) காலி செய்கிறது, அடுத்த முறை விண்டோஸ் வரும்போது முழுச் சோதனை நடக்கட்டும் என்று ஓர் அடையாளத்தை வைத்துவிட்டு விலகிக்கொள்கிறது. அந்த அடையாளத்துக்கு டர்ட்டி ஃபிளாக் என்று பெயர். அது இருக்கும்வரை சில டிரைவர்கள் (டிஸ்கைப் படிக்க உதவும் மென்பொருள்கள்) பார்ட்டிஷனைத் திறக்க மாட்டா. உடனே பலர் அதே கட்டளையோடு 'டி' என்ற ஆப்ஷனைச் சேர்த்து அடையாளத்தையும் நீக்கிவிடுகிறார்கள். டிரைவ் திறக்கும், ஆனால் நடக்கவேண்டிய சோதனை நடக்காமலே போய்விடும். நானும் ஒரு முறை அப்படிச் செய்தேன். இரண்டு வாரம் கழித்து ஒரு ஃபோல்டர் முழுக்கப் படிக்க முடியாமல் போனபோதுதான், முதலிலேயே செக்டிஸ்க் ஓட்டியிருக்க வேண்டும் என்று புரிந்தது.

அதனால் என் வரிசை இது. விண்டோஸுக்குப் போங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் டெர்மினலில் பவர்சிஎஃப்ஜி கட்டளையால் ஹைபர்னேஷனை நிறுத்துங்கள். அதோடு ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் நின்றுவிடும், உறக்கக் கோப்பு பிடித்திருந்த இடமும் மீளும். கண்ட்ரோல் பேனலில் போய் டிக் எடுப்பதைவிட இது உறுதியானது. பிறகு செக்டிஸ்க்கை 'எஃப்' ஆப்ஷனோடு ஓட்டுங்கள், அப்புறம் லினக்ஸுக்கு வாருங்கள். ஹைபர்னேஷன் வேண்டும் என்பவர்கள் லினக்ஸுக்கு மாறும்போதெல்லாம் ஷட் டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுத்தால் போதும், ரீஸ்டார்ட்டில் விண்டோஸ் முழுதாகவே அணைகிறது. ஆனால் ஒரு நாள் மறந்துவிடும். நினைவாற்றலை நம்பி ஓர் ஏற்பாட்டை வைத்துக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை.

பார்ட்டிஷன்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையை '-எஃப்' ஆப்ஷனோடு ஓட்டும்போது அந்தப் பார்ட்டிஷனின் வகை பிட்லாக்கர் என்று காட்டினால் கதை வேறு. அது பூட்டப்பட்ட டிரைவ், சாவி இல்லாமல் மேலே சொன்ன எதுவும் பயன்படாது.

சரி, பார்ட்டிஷன் சுத்தமாகிவிட்டது. விண்டோஸ் பார்ட்டிஷன்களின் வடிவம் என்டிஎஃப்எஸ், அதை லினக்ஸில் படிக்க இனி எந்த டிரைவர்? பல வருடங்களாக என்டிஎஃப்எஸ்-3ஜிதான் இருந்தது. அது ஃபியூஸ் என்ற இடைமுகம் வழியாகக் கர்னலுக்கு வெளியே ஓடுவது. 2021 அக்டோபரில் வெளியான லினக்ஸ் 5.15இல் பாராகான் நிறுவனம் எழுதிய என்டிஎஃப்எஸ்3 கர்னலுக்குள்ளேயே வந்தது. கர்னலுக்குள் ஓடுவதால், பெரிய கோப்புகளை நகலெடுக்கும்போது செயலிக்குச் சுமை குறைவு. ஆனால் இரண்டும் ஒரே பார்ட்டிஷனிடம் வேறு வேறு விதமாக நடந்துகொள்கின்றன. டர்ட்டி ஃபிளாக் இருந்தால் என்டிஎஃப்எஸ்3 மறுத்துவிடும், ஃபோர்ஸ் என்ற ஆப்ஷன் கொடுத்தால்தான் எழுத விடும். திரையிலோ 'தவறான ஃபைல் சிஸ்டம் வகை, மோசமான சூப்பர்பிளாக்' என்று பயமுறுத்தும் செய்திதான் வரும், உண்மையான காரணத்தைக் கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையில் போய்ப் பார்க்க வேண்டும். என்டிஎஃப்எஸ்-3ஜி அந்த அடையாளத்தைப் பொருட்படுத்தாமல் திறந்துவிடும். விண்டோஸ் உறங்குவது தெரிந்தால் மட்டும் படிக்க மட்டுமே அனுமதிக்கும். டிஸ்ட்ரோவை (உபுண்டு போன்ற லினக்ஸ் தொகுப்பு) புதுப்பித்தபின் 'நேற்றுவரை திறந்தது, இன்று திறக்கவில்லை' என்றால், டிரைவர் மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நான் என்டிஎஃப்எஸ்3 பக்கம்தான். அதன் கண்டிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

அடுத்து, ஒவ்வொரு முறையும் கிளிக் செய்து திறப்பதா, எஃப்ஸ்டேப் கோப்பில் (பூட்டாகும்போது எதையெல்லாம் திறக்க வேண்டும் என்ற பட்டியல்) எழுதித் தானாகத் திறக்க வைப்பதா? எப்போதாவது படம் பார்க்கத்தான் என்றால் கிளிக் போதும். தவறாக எழுதி எதையும் கெடுக்க வழியில்லை. டவுன்லோட், புகைப்படம், வேலைக் கோப்புகள் அங்கேதான் இருக்கின்றன என்றால் எஃப்ஸ்டேப் வேண்டும். அங்கே பார்ட்டிஷனை எஸ்டிஏ3 போன்ற சாதனப் பெயரால் எழுதாதீர்கள். புது டிஸ்க் ஒன்றைச் செருகினால் அந்தப் பெயர்கள் இடம் மாறலாம். பார்ட்டிஷனுக்கே உரிய தனி அடையாள எண்ணான யூயுஐடியால் எழுதுங்கள். அதற்கும் ஒரு பலவீனம் உண்டு, ஃபார்மேட் செய்தால் மாறிவிடும். இரண்டாவதாக ஒரு லினக்ஸ் நிறுவும்போது அது ஸ்வாப் பார்ட்டிஷனை (நினைவகம் போதாதபோது உதவும் பகுதி) மறுபடி ஃபார்மேட் செய்துவிட்டால், முதல் லினக்ஸ் பழைய யூயுஐடியைத் தேடியபடி 90 விநாடி காத்திருக்கும். பூட் திடீரென மெதுவாகிவிட்டது என்பவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வியே ஸ்வாப்பைப் பற்றித்தான்.

தரவுப் பார்ட்டிஷன் வரியில் நோஃபெயில் என்ற சொல்லைக் கண்டிப்பாகச் சேருங்கள். அது இல்லாமல் டிரைவ் திறக்க முடியாமல் போனால் லினக்ஸ் டெஸ்க்டாப்புக்கே போகாமல் எமர்ஜென்சி மோடில் நின்றுவிடும். எழுதி முடித்ததும் ரீஸ்டார்ட் செய்து சோதிக்க வேண்டாம். 'மவுண்ட் -ஏ' கட்டளை கொடுத்தால் தப்பு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

எழுதும் அனுமதி இல்லை என்ற புகாருக்கு இரண்டு மருந்துகள், இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர். என்டிஎஃப்எஸ் என்றால் எஃப்ஸ்டேப் வரியிலேயே பயனர் எண்ணைக் கொடுக்க வேண்டும், பெரும்பாலும் அது 1000. லினக்ஸின் சொந்த வடிவமான ஈஎக்ஸ்டி4 என்றால் அதே ஆப்ஷன் மவுண்டையே கெடுத்துவிடும். அங்கே சேஓன் கட்டளையால் உரிமையாளரை மாற்றுவதுதான் வழி.

இதையெல்லாம் படித்துவிட்டு, பொதுப் பார்ட்டிஷனையே வேறு வகையில் ஃபார்மேட் செய்துவிடலாமா என்று தோன்றலாம். எக்ஸ்ஃபேட் என்ற வடிவத்தை இரு பக்கமும் படிக்கும். சாம்சங் எழுதிய டிரைவர் 2020இல் லினக்ஸ் 5.7இல் வந்தது. ஆனால் அதில் ஜர்னல் கிடையாது, நகலெடுக்கும்போது மின்சாரம் போனால் மீட்க எதுவும் இருக்காது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் சிக்கலும் அதோடு ஒழியாது, விண்டோஸ் எக்ஸ்ஃபேட் பார்ட்டிஷனையும் அப்படியே பிடித்துக்கொண்டுதான் உறங்கும். ஈஎக்ஸ்டி4 லினக்ஸுக்கு மிக நல்லது. விண்டோஸிலோ அதற்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வழியாகத் திறக்க அந்த டிஸ்க் முழுவதையும் ஒப்படைக்க வேண்டும், விண்டோஸே அதே டிஸ்கில் இருந்தால் அது நடக்காது. ஒரே டிஸ்கில் இரண்டையும் வைத்திருப்பவர் பொதுக் கோப்புகளுக்கு என்டிஎஃப்எஸ்ஸை வைத்துக்கொண்டு, நிரல் எழுதும் வேலையைத் தன் ஹோம் ஃபோல்டரில் ஈஎக்ஸ்டி4 மேலேயே செய்துகொள்ளட்டும்.