திருப்புத்திறன் கணக்கு: மூன்று வழிகளில் எது கைகொடுக்கும்?

வீட்டை ஒட்டி நிற்கும் தென்னையை முறிக்கும்போது, மரம் ஓட்டின்மேல் விழாமலிருக்க வடம் கட்டி இழுப்பது குமரி மாவட்டத்தில் வழக்கம். நிலையியலுக்கு, அதாவது அசையாமல் நிற்கும் பொருள்கள்மீதான விசைகளைப் பற்றிய பாடத்துக்கு, அருமையான கணக்கு அது. மரத்தின் மூட்டிலிருந்து 6 மீட்டர் உயரத்தில் வடம். மறுமுனை 8 மீட்டர் தள்ளித் தரையில் அடித்த குற்றியில். வடத்தின் நீளம் 10 மீட்டர், இழுவிசை 500 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். மரத்தின் அடிப்புள்ளியைப் பொறுத்துத் திருப்புத்திறன், அதாவது அந்தப் புள்ளியைச் சுற்றி மரத்தைத் திருப்பும் விளைவு, எவ்வளவு?

பள்ளியில் படித்த வழி, விசையைச் செங்குத்துத் தொலைவால் பெருக்குவது. அந்தத் தொலைவு 6-உம் அல்ல, 8-உம் அல்ல. அடிப்புள்ளியிலிருந்து வடத்துக்கு வரையும் செங்குத்துக்கோடு. 6 × 8 ÷ 10 = 4.8 மீட்டர். விடை 2400 நியூட்டன் மீட்டர். பலர் அவசரத்தில் 6-ஐப் போட்டு 3000 என்று எழுதிவிடுவது இங்கேதான். முப்பந்தல் காற்றாலைக் கோபுரம் மாதிரி, காற்று கிடைமட்டமாகத் தள்ளும் இடத்தில் இந்த வழி போதும். உயரமே செங்குத்துத் தொலைவு.

சாய்வான விசை என்றால் என் ஓட்டு, அதைக் கிடைமட்டம், நிலைக்குத்து என்று கூறுகளாகப் பிரிக்கும் வழிக்கே. 1687-இல் பிரெஞ்சுக் கணிதர் வரிக்னான் வெளியிட்ட நூலோடு இணைத்துப் பேசப்படும் தேற்றம் இதற்குத் துணை: கூறுகளின் திருப்புத்திறன்களைக் கூட்டினால் முழு விசையின் திருப்புத்திறன் வரும். இங்கே கிடைமட்டக் கூறு 400, நிலைக்குத்துக் கூறு 300. கீழ்நோக்கிய 300 மரத்தின் வழியாகவே போவதால் அதன் பங்கு பூஜ்யம். 400 × 6 = 2400, முடிந்தது.

இதில் ஒரு சௌகரியம் உண்டு. விசையை அதன் செயற்கோட்டில், அதாவது அது இழுக்கும் திசையிலுள்ள நேர்கோட்டில் (இங்கே வடம்), எங்கு வேண்டுமானாலும் நகர்த்தலாம். குற்றிக்கு இறக்கிப் பாருங்கள்: இப்போது 400-இன் கோடு அடிப்புள்ளி வழியே போகிறது, அதனால் அது பூஜ்யம்; 300 × 8 = 2400. ஒரே கணக்கு, தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்கிறது. தேர்வில் இதைவிட என்ன வேண்டும்?

மூன்றாவது வழி வெக்டர் பெருக்கல். அதை இந்தக் கணக்குக்கு எடுப்பது வீண் வேலை. ஆனால் முப்பரிமாணத்தில் கதை மாறும். வடம் கட்டிய உயரம் அதே 6 மீட்டர், குற்றி கிழக்கே 2, வடக்கே 3 மீட்டரில் இருந்தால் வடம் 7 மீட்டர். இழுவிசை 700 என்றால் கூறுகள் கிழக்கே 200, வடக்கே 300, கீழ்நோக்கி 600. வெக்டர் பெருக்கலுக்கான அணிக்கோவையில் (எண்களை வரிசைகளில் அடுக்கிக் கணக்கிடும் முறை) போட்டால் கிழக்கு அச்சைப் பற்றி −1800, வடக்கு அச்சைப் பற்றி 1200, நிலைக்குத்து அச்சைப் பற்றி பூஜ்யம். எந்த அச்சைப் பற்றி எவ்வளவு, எந்தப் பக்கம் என்பதெல்லாம் குறியோடு வந்துவிடும். படத்தை முறைத்துப் பார்த்து வலஞ்சுழியா இடஞ்சுழியா என்று குழம்ப வேண்டாம். நிலை வெக்டரை (அடிப்புள்ளியிலிருந்து வடம் கட்டிய இடத்துக்கான வெக்டர்) முதலில் எழுதி, விசையை அடுத்த வரியில் எழுதவேண்டும். வரிசையை மாற்றினால் எல்லாக் குறிகளும் தலைகீழாகிவிடும்.