நல்ல டை செட், கெட்ட பிளக்

.38 ஸ்பெஷல் ரிவால்வர் தோட்டாக்களைக் கையால் நிரப்ப நான் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் மூன்று டை (தோட்டா உறையை அளவாக்கவும் குண்டை அமர்த்தவும் உதவும் அச்சு) செட்டின் விலை அண்மையில் இறங்கியிருக்கிறது. வாங்கலாமா என்று இலக்குச் சுடுதலில் ஈடுபாடுள்ள நண்பர் ஒருவர் கேட்டார். ஆமாம் என்றோ வேண்டாம் என்றோ ஒரே சொல்லில் முடிக்க முடியவில்லை. மூன்றில் இரண்டு டைகள் மீது எனக்கு மதிப்பு அதிகம். நடுவில் இருக்கும் விரிவாக்கும் டை மீதுள்ள எரிச்சலோ இத்தனை காலமாகியும் ஆறவில்லை.

டைகளைப் பிரஸ்ஸில் (உறையை டைக்குள் தள்ளும் நெம்புகோல் கருவி) பொருத்துவது, பிரைமர் (உறையின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) ஏற்றுவது போன்றவை கையேட்டிலேயே இருக்கின்றன. முறையான உரிமத்தோடு, சட்டம் இடம் தரும் நாட்டில், காகித இலக்குக்காகத் தோட்டா நிரப்புகிறவர்களை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன். எந்தக் குண்டுக்கு எவ்வளவு வெடிமருந்து என்பதற்கு, மருந்து தயாரிப்பாளர் வெளியிடும் அட்டவணையைத் தவிர வேறு எதையும் நம்பாதீர்கள். என்னையும்தான்.

முதலில் அளவு டை. சுட்ட பித்தளை உறை வெப்பத்திலும் அழுத்தத்திலும் விரிந்திருக்கும். அதை மறுபடி சுருக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவருவது இதன் வேலை. உள்ளே ஒரு கார்பைடு வளையம் இருக்கிறது. சாதாரண எஃகு டை என்றால் ஒவ்வோர் உறைக்கும் மசகு தடவ வேண்டும், பிறகு துடைக்க வேண்டும். கார்பைடில் அந்த வேலையே இல்லை. கழுவி உலர்த்திய உறையை அப்படியே உள்ளே விடலாம். இன்றைக்கும் நெம்புகோலை இறக்கும்போது முதல் நாள் இருந்த அதே வழவழப்பு. வளையத்தில் ஒரு கீறல்கூட இல்லை. உறைகள் வாய் பிளந்து குப்பைக்குப் போயிருக்கின்றன. டை அப்படியே இருக்கிறது.

குண்டை அமர்த்தும் மூன்றாவது டையும் நல்ல வேலைப்பாடு. இதிலேயே கிரிம்ப் வசதியும், அதாவது உறையின் வாயைக் குண்டின்மேல் மடக்கி இறுக்கும் வசதியும் உண்டு. ஆனால் அமர்த்துவதையும் கிரிம்ப் செய்வதையும் ஒரே வீச்சில் செய்யாமல் இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். குண்டு இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும்போதே உறையின் வாய் உள்ளே மடங்கினால் ஈயம் நூலாகச் சீவப்பட்டு வெளியே சுருளும். முதல் சுற்றில் அமர்த்தல், டையைச் சற்று மாற்றி வைத்து இரண்டாம் சுற்றில் கிரிம்ப். உறைகளின் நீளமும் ஒன்றுபோல் இருந்தாக வேண்டும். நீளமான உறையில் கிரிம்ப் இறுகும், குட்டையானதில் தளரும். இது டையின் குற்றம் இல்லை. எந்த டையிலும் இப்படித்தான்.

இனி நடு டைக்கு வருகிறேன்.

இலக்குச் சுடுதலில் .38 ஸ்பெஷல் என்றால் பெரும்பாலும் 148 கிரெயின் எடையுள்ள வாட்கட்டர் குண்டுதான். முனை மழுங்கிய உருளை. கூர்முனைக் குண்டு காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போகும். வாட்கட்டர் பஞ்சிங் இயந்திரம் போல வட்டமாக வெட்டி எடுக்கும். 25 மீட்டர் துல்லிய இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 50 மில்லிமீட்டர். துளையின் ஓரம் கோட்டைத் தொட்டாலே கூடுதல் புள்ளி கிடைக்கும். ஓரம் கிழிந்திருந்தால் தொட்டதா இல்லையா என்ற வாக்குவாதம் வரும். வாட்கட்டர் அந்தப் பேச்சுக்கே இடம் வைப்பதில்லை.

இந்தக் குண்டை மற்றவை போல உறைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி அமர்த்துவதில்லை. முகம் உறையின் வாயோடு சமமாக நிற்கும்வரை உள்ளே இறக்கிவிடுகிறோம். .38 ஸ்பெஷல் உறையின் நீளம் சுமார் 29.3 மில்லிமீட்டர், குண்டின் அடிப்பகுதி அதில் பாதிக்குமேல் இறங்கி நிற்கும். பித்தளைச் சுவரோ வாயருகே மெல்லியதாக இருந்து, அடிக்குப் போகப் போகத் தடிக்கிறது. அதாவது குண்டின் அடிப்பாகம் போய் நிற்கும் இடத்தில்தான் உறையின் உள்வட்டம் குறுகத் தொடங்குகிறது. ஈயம் மென்மையானது, பித்தளை கடினமானது. இரண்டும் மோதினால் எது நசுங்கும் என்று சொல்லவே வேண்டாம்.

இதைத் தடுக்கத்தான் விரிவாக்கும் டை. அதன் உள்ளே இருக்கும் பிளக், அளவு டை சுருக்கிய உறையை உள்ளிருந்து மறுபடி சற்றே திறந்து, குண்டு நசுங்காமல் இறங்க வழிசெய்ய வேண்டும். இந்தச் செட்டில் வரும் பிளக் இரண்டு வகையில் தவறு. ஒன்று, குட்டை. வெளியே நீட்டி நிற்கும் சாதாரணக் குண்டுக்குப் போதுமான ஆழத்தோடு நின்றுவிடுகிறது. வாட்கட்டரின் அடி போகும் ஆழத்தை அது எட்டிப் பார்ப்பதே இல்லை. இரண்டு, விட்டம் குறைவு. செம்பு உறையிட்ட 9.07 மில்லிமீட்டர் குண்டைக் கணக்கில் வைத்துக் கடைந்திருக்கிறார்கள். நான் பயன்படுத்தும் ஈயக் குண்டு 9.09. அதற்கு ஏற்ற பிளக் சுமார் 0.05 மில்லிமீட்டர் பருமனாக இருக்க வேண்டும். கேட்பதற்கு ஒன்றுமே இல்லாத அளவு. ரிவால்வரின் குழலுக்கு அது தெரியும்.

கண்ணாலேயே பார்க்கலாம். பெட்டியில் வந்த பிளக்கை வைத்து நிரப்பிய தோட்டா ஒன்றை விளக்கின் கீழே மெல்ல உருட்டுங்கள். உறையின் நடுப்பகுதியில், குண்டு முடியும் இடத்தில், ஒரு மேடு தெரியும். அது சுற்றிலும் ஒரே சீராக இருந்தால் குண்டு நேராக இறங்கியிருக்கிறது. ஒரு பக்கம் புடைத்து மறு பக்கம் தட்டையாக இருந்தால் சாய்ந்து இறங்கியிருக்கிறது. சாய்ந்தவற்றில் சில சிலிண்டரின் அறைக்குள் தானாக விழாது. கட்டைவிரலால் அழுத்த வேண்டியிருக்கும். பிறகு சுத்தியல் வடிவக் கழற்றியால் மேசையில் தட்டி அந்தக் குண்டை வெளியே எடுத்து மைக்ரோமீட்டரில் வைத்துப் பாருங்கள். என் குண்டின் தலைப்பாகம் 9.09 காட்டியது. அடிப்பாகம் 9.04. காசு கொடுத்து வாங்கிய துல்லியத்தை டையே கடித்துத் துப்பியிருந்தது.

அடி சிறுத்த குண்டு, குழலின் உட்சுவரில் சுழலாக வெட்டியிருக்கும் வரிகளை நிறைக்காது. பக்கத்தில் கிடைக்கும் இடைவெளியில் சூடான வாயு பீறிட்டு ஈயத்தை அரித்துக்கொண்டு போகும். அரித்த ஈயம் குழலின் தொடக்கத்திலேயே அப்பிக்கொள்ளும். முதல் சில சுற்றுகளில் துளைகள் நெருங்கி விழும், பிறகு காரணமே தெரியாமல் விரியும். பலர் இதற்கு மருந்தைக் குறை சொல்வார்கள், தங்கள் கையைக் குறை சொல்வார்கள். பிரஷ் போட்டுத் தேய்த்தால் சாம்பல் நிறச் செதில்கள் உதிரும். அவற்றைப் பார்த்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.

நியாயமாகச் சொல்ல வேண்டிய ஒன்றும் இருக்கிறது. அடியில் குழிவுள்ள வாட்கட்டரைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்தக் குறை அவ்வளவாக உறைக்காது. அதன் பாவாடை, அதாவது குழிவைச் சுற்றிய மெல்லிய விளிம்பு, உறைக்குள் நசுங்கினாலும், சுடும்போது வாயு அழுத்தம் அதை மறுபடி விரித்துக் குழலோடு ஒட்டவைக்கும். வேகம் குறைந்த இலக்குத் தோட்டாவுக்கென்றே அது உருவானது. வேகத்தைக் கூட்டினால் பாவாடை பிய்ந்து குழலிலேயே தங்கக்கூடும். நான் பயன்படுத்துவது அடி திடமான வார்ப்புக் குண்டு. நசுங்கினால் நசுங்கியதுதான்.

வாட்கட்டர் நிரப்பி வந்த தொழிற்சாலைத் தோட்டாக்களின் உறைகளைச் சேர்த்து வைப்பதும் ஒரு வழி. அவற்றின் சுவர் கூடுதல் ஆழம்வரை மெல்லியதாக இருக்கும். அடியில் உள்ள முத்திரையைப் பார்த்து இனம் பிரித்து வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். ஆனால் கைக்கு வருவது கலப்பு உறைகள். ஒரு டையின் குறையை மறைப்பதற்காக உறையைத் தேடி அலைவது எனக்குச் சம்மதமில்லை.

நான் கடைசியில் செய்தது, வாட்கட்டருக்கென்று தனியாகக் கிடைக்கும் நீண்ட பிளக்கை வாங்கிப் போட்டதுதான். அதே டை உடல், அதே மரை. புடைப்பு அடங்கியது. தோட்டாக்கள் ஆறு அறைகளிலும் தங்கள் எடையாலேயே உள்ளே போய் உட்காருகின்றன. வெளியே எடுத்து அளந்த குண்டு தலையிலும் அடியிலும் ஒரே அளவு காட்டியது. குழல் சுத்தமாக இருக்கிறது. இதைப் பார்த்து மகிழ்ச்சி வந்ததைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. ஒரு சிறு எஃகுத் துண்டு. பெட்டியிலேயே வைத்திருக்கலாமே! மேலட்டையில் இலக்குச் சுடுதலைப் பற்றிப் பெருமை பேசும் செட் இது.

பிளக்கை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். ரிவால்வருக்கு ஒரு குழல், ஆறு அறை. குண்டு குழலுக்குள் நுழையும் முன் அறையின் முன்வாயைக் கடந்தாக வேண்டும். அந்த வாய் குழலின் வரியளவைவிடக் குறுகலாக இருந்தால், டை காப்பாற்றி அனுப்பிய குண்டை ரிவால்வர் தானே நசுக்கிவிடும். சிலிண்டரைக் கழற்றி, ஒவ்வோர் அறையின் முன்வாயிலும் ஒரு குண்டை விரலால் தள்ளிப் பாருங்கள். லேசான தடையோடு கடந்தால் நல்லது. ஐந்தில் கடந்து ஆறாவதில் நின்றுவிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று மட்டும் விலகி விழுவதன் காரணம் அங்கே இருக்கிறது.

டையோடு தொடர்பில்லாத ஒன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. .38 ஸ்பெஷல் 1898-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் அறிமுகப்படுத்தியது; கருமருந்துக் காலத்து உறை, வயிறு பெரிது. இன்றைய புகையில்லா மருந்தில் இலக்குத் தோட்டாவுக்குத் தேவைப்படுவது அதன் அடியில் ஒரு சிட்டிகை. தவறி இரண்டு முறை மருந்து விழுந்தாலும் வழியாது, கண்ணுக்கும் உறுத்தாது. குண்டை வைக்கும் முன் எல்லா உறைகளையும் தாங்கியில் வரிசையாக நிறுத்தி, விளக்கைப் பிடித்து ஒவ்வொன்றின் உள்ளேயும் பாருங்கள். சுடும்போது ஒரு வெடிச்சத்தம் பலவீனமாகக் கேட்டால் அடுத்ததைச் சுடாதீர்கள்; குண்டு குழலில் நிற்கலாம். இதில் மட்டும் யாரும் அவசரப்படக் கூடாது.

நண்பருக்கு நான் சொன்ன பதில்: வாங்காதீர்கள். அளவு டைக்கு நிகராக இன்னொன்றை நான் பார்த்ததில்லை, அமர்த்தும் டையும் தலைமுறைக்கு நிற்கும், அப்படியிருந்தும் வாங்காதீர்கள். அவற்றைத் தனித்தனியாகவே விற்கிறார்கள். அந்த இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, நடு டையை நீண்ட பிளக்கோடு விற்கும் வேறொருவரிடம் வாங்கினால் செலவு சற்றுக் கூடும். கூடட்டும். விலை குறைந்த பிறகு வந்த பெட்டி ஒன்றைத் திறந்து பிளக்கை அளந்து பார்த்தேன். அதே குட்டை, அதே விட்டம்.