பழைய காருக்கு டோர் பேட் செய்பவர்கள் கவனத்துக்கு: முத்திரையை மட்டும் பார்த்து ப்ளைவுட் வாங்காதீர்கள்

அம்பாசிடர், பத்மினி மாதிரிப் பழைய வண்டி வைத்திருந்து, டோர் பேடை, அதாவது கதவின் உள்பக்கத்தை மூடும் பலகையை, நாமே செய்துகொள்ளலாம் என்று இருப்பவர்கள், ப்ளைவுட் கடைக்குப் போகுமுன் இதைப் படித்துவிடுங்கள். சென்னையில் ஒரு கடையில் என்னிடம் தண்ணீர் தாங்கும் மரைன் ப்ளைக்கான விலையை வாங்கிக்கொண்டு, சாதாரண கமர்ஷியல் ப்ளையைத் தலையில் கட்டிவிட்டார்கள்.

வண்டி, அப்பா ஓட்டிய மார்க் 4 அம்பாசிடர். பழைய ஹார்ட்போர்டு பேட் நான்கும் கீழ் ஓரம் உப்பி, கிளிப் மாட்டும் ஓட்டைகள் பிய்ந்து கிடந்தன. அவற்றையே அச்சாக வைத்து வரைந்து வெட்டினால் எட்டுக்கு நாலு அடி ஷீட் ஒன்றில் நான்கு கதவுக்கும் வந்துவிடும். கனம் 4 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. தாண்டினால் கிளிப்பும் பிடிக்காது, கண்ணாடி ஏற்றும் கைப்பிடியும் சரியாக உட்காராது.

பொருளில் இவ்வளவு பார்ப்பதற்குக் காரணம், கார் கதவுக்குள் தண்ணீர் போகத்தான் செய்யும் என்பது. கண்ணாடியில் வழியும் மழைநீர் ரப்பரைத் தாண்டி உள்ளே இறங்கி, கதவின் அடியில் இருக்கும் துளைகள் வழியாக வெளியேறும். புது வண்டியிலும் இப்படித்தான். அதனால் பேடுக்குப் பின்னால் பாலித்தீன் ஷீட் ஒட்டி, அதன் கீழ் ஓரத்தைக் கதவுக்குள் செருகிவிட வேண்டும். அதைச் செய்தேன். துளைகளில் கம்பி விட்டு அழுக்கையும் எடுத்தேன். வெட்டிய ஓரங்களுக்கு வார்னிஷும் அடித்தேன். அப்படியும் உள்ளே ஈரக்காற்று இருக்கும், நனைந்த குடையோடு ஆட்கள் ஏறுவார்கள். அதற்காகத்தான் மரைன் கேட்டேன்.

கடையில் கேட்டதும் தெளிவாகத்தான்: 4 எம்எம், 710 மரைன், கார் கதவுக்கு. 710 என்பது மரைன் ப்ளைக்கான இந்தியத் தர எண். எடுத்துப் போட்ட ஷீட்டில் ஐஎஸ்ஐ முத்திரையும் 'ஐஎஸ் 710' என்ற சீலும் இருந்தன. சதுர அடி 58 ரூபாய். கமர்ஷியல் அதில் பாதி விலைதான். பில்லில் 'ப்ளைவுட் 4 எம்எம்' என்று மட்டும் எழுதினார். கிரேடையும் போடச் சொன்னதற்கு, "சீலே இருக்கே சார், தனியா வேற எழுதணுமா?" என்றார்.

கார்த்திகை மழையில் முன்பக்க இடது கதவின் ரெக்சின் மேடு தட்ட ஆரம்பித்தது. கழற்றிப் பார்த்தால், ரெக்சினை ஒட்டிய எஸ்ஆர் கம் (செயற்கை ரப்பர் பசை) கெட்டியாகவே பிடித்திருக்கிறது. பிரிந்தது ப்ளையேதான். நகத்தை விட்டதும் மேல் வெனீர் வெங்காயத் தோல் மாதிரி உரிந்து ரெக்சினோடு வந்துவிட்டது. உள்ளே நடு லேயரில் இரண்டு துண்டுகளுக்கு நடுவே ஒரு விரல் அகலத்துக்கு வெற்றிடம். கிளிப் ஓட்டை அந்த இடத்தில் விழுந்திருந்தால் பிடிப்பு எங்கிருந்து வரும்?

வெட்டும்போது மிஞ்சிய துண்டைக் கொதிக்க வைத்தேன். ஐஎஸ் 710 தரப்படி மரைன் ப்ளை 72 மணி நேரக் கொதிநீரைத் தாங்க வேண்டும். ஃபீனால் ஃபார்மால்டிஹைடு கம்மால் ஒட்டியதற்கு அந்தத் தெம்பு உண்டு. மலிவான யூரியா கம் வெந்நீரில் விட்டுவிடும். என் துண்டு ஒரு மணி நேரத்துக்குள் மூன்றாகப் பிரிந்தது. தண்ணீர் செக்கச் சிவந்துபோக, வெனீர் வெளுத்துவிட்டது. மட்ட மரத்துக்குச் சாயம் ஏற்றி, நல்ல கர்ஜன் மரம் மாதிரிக் காட்டியிருக்கிறார்கள்.

பிரிந்த துண்டோடு கடைக்குப் போனேன். "கொதிக்க வெச்சா எந்தப் பலகைதான் நிக்கும் சார்?" என்றார். ப்ளைவுட் விற்கிறவருக்கு 710 என்றால் என்னவென்று தெரியாமல் இருக்காது. பில்லில் மரைன் என்று இல்லையே என்றும் சேர்த்துச் சொன்னார். அன்றைக்கு ஏன் எழுத மறுத்தார் என்பது அப்போதுதான் விளங்கியது. எனக்கு இன்னும் ஆறாத கோபம் அதில்தான்.

ஐஎஸ்ஐ முத்திரையோடு சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனி, எந்தப் பொருள், உரிமம் நடப்பில் உள்ளதா என்று காட்டும். கடையில் நின்றபடியே பாருங்கள். என் ஷீட்டில் அந்த எண் மட்டும் மை இழுபட்டு, மூன்று இலக்கம்தான் படிக்க முடிகிறது. எண் படிக்க முடியாத ஷீட்டும் வேண்டாம், கிரேடு எழுதாத பில்லும் வேண்டாம். ஓரத்திலிருந்து ஒரு துண்டு வாங்கி வந்து வீட்டில் கொதிக்க வைத்த பிறகு முழு ஷீட் எடுங்கள்.

இதற்குப் பதிலாக பிவிசி ஃபோம் போர்டு போடலாமே என்று அதே கடையில் சொன்னார்கள். தண்ணீருக்கு அது நல்லதுதான். ஆனால் சித்திரை வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் வரும் சூட்டில் இளகி வளைந்துவிடும். மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை பக்கமே போகாதீர்கள்.

இப்போது நான்கு கதவுக்கும் 3 எம்எம் ஏபிஎஸ் பிளாஸ்டிக் ஷீட் வெட்டியிருக்கிறேன். ஈரம் குடிக்காது, இளகக் கிட்டத்தட்ட 100 டிகிரி வேண்டும். எஸ்ஆர் கம்மை மெலிதாகப் பூசி, நன்றாகக் காயவிட்டு ஒட்ட வேண்டும். அப்பிவிட்டால் அதில் உள்ள கரைப்பான் ஷீட்டையே அரிக்கும்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். சீல் உள்ள பகுதி, பிரிந்த துண்டுகள், பில் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. இதே மாதிரி மாட்டியவர்கள் மிச்சத் துண்டைத் தூக்கிப் போடாமல் வைத்துக்கொண்டு புகார் கொடுங்கள்.