மாடித்தோட்டத்தில் வேப்பெண்ணெய்: ஐந்து வருடம் அடித்துப் பார்த்த பிறகு

மதுரையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இப்போது இருபத்தெட்டு தொட்டிகள். 2020 ஊரடங்கில் நான்கு தக்காளி நாற்றோடு ஆரம்பித்தது. அன்றிலிருந்து பூச்சிக்கு நான் கையில் எடுப்பது வேப்பெண்ணெய் மட்டும்தான். "ஒருமுறை அடித்தேன், பூச்சி ஓடிப்போச்சு" என்பவர்கள் அநேகமாக முதல் மாதத்திலேயே எழுதிவிடுகிறார்கள். ஐந்து வருடம் அடித்தவனுக்குச் சொல்ல வேறு கதை இருக்கிறது.

முதல் பாட்டிலே கோளாறு. பூஜை சாமான் கடையில் வாங்கினேன். இரண்டு வாரம் அடித்தும் பலன் இல்லாமல் லேபிளைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் 'விளக்கேற்ற மட்டும்'. அப்புறம்தான் செக்கில் ஆட்டியதைத் தேடிப் போனேன். அசல் எண்ணெயை மூக்கே கண்டுபிடித்துவிடும். மார்கழிக் காலையில் அது பாட்டிலுக்குள்ளேயே கட்டிக்கொள்ளும். வெந்நீரில் கொஞ்ச நேரம் நிறுத்தினால் இளகும். அந்த நெடி சட்டையில் இரண்டு நாள் நிற்கும். அடித்துவிட்டு இறங்கினால் நேரே குளியலறைக்குத்தான் போக வேண்டும் என்பது வீட்டில் சட்டம்.

கலக்குவதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி எண்ணெய். அதை நேராகத் தண்ணீரில் ஊற்றினால் ரசத்தில் மிதக்கிற நெய் மாதிரி மேலேயே நிற்கும். கடைசி இரண்டு செடிக்கு மொத்த எண்ணெயும் போய்ச் சேரும். பூந்திக்கொட்டையை ஊறவைத்துப் பிழிந்த நீரையோ, காதி சோப்புக் கரைசலையோ முதலில் எண்ணெயோடு அடித்துக் கலக்க வேண்டும். மோர் நிறத்துக்கு வந்த பிறகுதான் தண்ணீர். பாத்திரம் கழுவும் திரவத்தை ஒருமுறை ஊற்றிப் பார்த்தேன், வெண்டை இலையெல்லாம் ஓரம் கருகியது.

2021 சித்திரையில் இன்னொரு பாடம். காலை எட்டு மணிக்கு அடித்துவிட்டு அலுவலகம் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் அவரைக் கொடி வறுத்தெடுத்த மாதிரி நின்றது. எண்ணெய்ப் படலம், அதன் மேல் மதுரை வெயில்! வேம்பின் முக்கியச் சரக்கான அசாடிராக்டினும் வெயில் பட்டால் சீக்கிரம் சிதைந்துபோகும். அதனால் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மேல்தான் அடிக்கிறேன். தேனீக்களும் அதற்குள் கிளம்பிப் போயிருக்கும்.

இது பூச்சியை அந்த இடத்திலேயே சுருண்டு விழவைக்கிற மருந்து இல்லை. இலையைத் தின்னவிடாது, குஞ்சுகளைத் தோல் உரிக்கவிடாது. ஏழு நாளுக்கு ஒருமுறை, மூன்று தடவையாவது அடித்தால்தான் வித்தியாசம் தெரியும். அசுவினி, இளம் வெள்ளை ஈ இரண்டுக்கும் நன்றாகவே கேட்கிறது. மாவுப்பூச்சிதான் என்னை ஒன்றரை வருடம் அலைக்கழித்தது.

செம்பருத்தியின் கணுக்களில் பஞ்சு ஒட்டிய மாதிரி வரும். வளர்ந்த பூச்சியின் மேல் மெழுகுப் பூச்சு இருப்பதால் கரைசல் முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துவிட்டு, பிறகு எண்ணெய் அடித்தேன். சுத்தமானது. பத்து நாளில் மறுபடி பஞ்சு. ஒருநாள் சும்மா உட்கார்ந்து பார்த்தபோதுதான் எறும்பு வரிசை கண்ணில் பட்டது. மாவுப்பூச்சி கழிக்கிற இனிப்புத் தண்ணீருக்காக எறும்புகள் அதை ஆடு மேய்ப்பது போல் மேய்க்கின்றன. வரிசையைப் பின்தொடர்ந்தால் அது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தானாக முளைத்திருந்த துத்திச் செடியில் போய் முடிந்தது. மூல வைத்தியத்துக்கு ஆகும் என்று நானே பிடுங்காமல் விட்டிருந்த செடி. செம்பருத்திக்குப் பங்காளி முறைதான், ஒரே குடும்பம். அதன் தண்டு முழுக்க வெள்ளை.

துத்தியைப் பிடுங்கிப் பையில் கட்டி எறிந்தேன். செம்பருத்தித் தொட்டியைச் செங்கல் மேல் ஏற்றி, செங்கல்லை அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்தேன். பலகார டப்பாவுக்கு அம்மா செய்வாளே, அதே வித்தை. கொசு பெருகாமல் இருக்க நாலு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுகிறேன். எறும்பு நின்றது, பூச்சி பாதியாகக் குறைந்தது. அந்த மாதிரிக் களைகளில் குப்பைமேனியை மட்டும் ஒரு தொட்டியில் விட்டிருக்கிறேன். அதன் வேருக்குத் தெருப் பூனைகள் கிறங்கிப்போய் மண்ணைக் கிளறுகின்றன, அது தனித் தொல்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பிரஷ்ஷால் தேய்த்த காலத்தில், கொஞ்சம் பெரிதாக, வேகமாக நடந்த 'மாவுப்பூச்சி'களை விசேஷ அக்கறையோடு நசுக்கினேன். அவை மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் புழுக்கள். உடம்பெல்லாம் வெள்ளை நூல், பார்த்தால் எதிரி வேஷம். வளர்ந்த வண்டு கறுப்பு, தலைப் பக்கமும் பின் நுனியும் ஆரஞ்சு. காபித் தோட்டத்துச் செதில்பூச்சிக்காக 1898இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்த வகை இது. 2008இல் கோவைப் பக்கம் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி மரவள்ளியையும் மல்பெரியையும் நாசம் செய்தபோதும், அதை அடக்கியது 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த குட்டிக் குளவிகள்தான். இப்போது வண்டுப் புழு தெரிந்தால் அந்தத் தொட்டிப் பக்கம் தெளிப்பானைக் கொண்டுபோவதில்லை.

கத்தரிக் காய்ப்புழுவிடம் வேப்பெண்ணெய் தோற்றுவிட்டது. உள்ளே புகுந்துவிட்ட புழுவை மேலே அடிக்கிற எது தொடும்? தலை தொங்கிய குருத்தை இரண்டு அங்குலம் கீழே கிள்ளி, புழுவோடு நசுக்கிப் போடுவதுதான் வழி. அதையும் தினமும் பார்த்துச் செய்ய வேண்டும். வெளியூர் போய் நான்கு நாள் கழித்து வந்தால் போச்சு.

முதல் வருடம் வாராவாரம் எல்லாச் செடிக்கும் அடித்து, லிட்டர் எண்ணெய் ஐந்து மாதத்தில் தீர்ந்தது. இப்போது பூச்சி தெரிகிற தொட்டிக்கு மட்டும் அடிப்பதால் ஒரு லிட்டர் ஒரு வருடத்தைத் தாண்டுகிறது. இந்த ஆடிப் பட்டத்தில் கத்தரியை விட்டுவிட்டு அந்த ஆறு தொட்டியிலும் கொத்தவரை ஊன்றியிருக்கிறேன்.