கார்த்திகைக்குப் படம் பெருப்பிக்க எங்கே கொடுக்கலாம்?

கார்த்திகை (நவம்பர்) கிட்டுகிறது, 27ஆம் திகதி புலிகள் இயக்கத்துக்குப் போய்ச் செத்த பிள்ளைகளை நினைக்கிற மாவீரர் நாள். வீட்டில் கிடக்கிற பழைய படத்தைத் திருத்திப் பெருப்பித்து எடுக்க நல்ல இடம் இருக்கிறதா என்று போன வருடத்திலிருந்தே ஆட்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போனதால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். கடை பரந்தன் முல்லைத்தீவு வீதியில், விசுவமடு தாண்டிப் புதுக்குடியிருப்புப் பக்கம் போகும்போது வரும் ஒரு சின்ன ஸ்டூடியோ. பெயர் போடவில்லை. "பேரைப் போட்டு எனக்கு விசாரணை வாங்கித் தந்திடாதையும் தம்பி" என்று முதலாளி அண்ணை பாதி பகிடியாகச் சொன்னார், மற்றப் பாதி பகிடி இல்லை என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். பழைய படம் திருத்துகிற இடம் எது என்று அந்தப் பக்கத்தில் கேட்டால் காட்டிவிடுவார்கள்.

நாங்கள் கொடுத்தது ஒரு படம் இரண்டு படம் இல்லை. எங்கள் ஊர் சின்னது. ஒரு பள்ளிக்கூடம், ஒரு பிள்ளையார் கோயில், ஒரு சங்கக்கடை, அவ்வளவுதான். அங்கிருந்து இயக்கத்துக்குப் போய்த் திரும்பி வராத பிள்ளைகளின் படங்களை எல்லாம் ஒரே அளவில் எடுத்துக் கார்த்திகை 27 அன்று வரிசையாக வைப்பது என்று சனசமூக நிலையத்தில் கூடிக் கதைத்தோம். பெயர்ப் பட்டியல் எழுதுவது பெரிய வேலை இல்லை, எந்த வீட்டு ஆச்சியைக் கேட்டாலும் யார் ஜெயசிக்குறுச் சண்டையில் போனது, யார் ஆனையிறவுச் சண்டையில் போனது என்று மூச்சு விடாமல் சொல்லுவா. படம்தான் இல்லை. 2009இல் கடைசிச் சண்டையில் மாத்தளனாலும் வட்டுவாகலாலும் ஆமிப் பக்கம் வெளியேறின சனம் கையிலிருந்த படங்களைப் பயத்தில் தாங்களே கிழித்தும் எரித்தும் பங்கருக்குள் தாட்டும் விட்டுத்தான் வந்தது. ஆகவே எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் யாழ்ப்பாணத்துச் சித்தி வீட்டில் தப்பியது, கனடாவிலிருந்து மாமா வட்சப்பில் அனுப்பியது, யாரோ ஒருவருடைய கலியாண அல்பத்தில் பின்வரிசையில் பாதி முகம் தெரிய நிற்பது, பள்ளிக்கூடத்தில் வகுப்போடு எடுத்தது, இப்படித்தான்.

ஒரு படத்துக்கு ஏன் இந்தப் பாடு என்று வெளியில் இருப்பவர்கள் கேட்கக்கூடும். துயிலும் இல்லங்கள், அதாவது இயக்கத்தின் கல்லறைத் தோட்டங்கள், இருந்தபோது படம் வீட்டுச் சுவரில் தொங்கினால் போதும், விளக்கு வைக்கக் கல்லறை இருந்தது, அதில் பெயர் இருந்தது. கனகபுரம், தேராவில், முள்ளியவளை என்று எல்லாவற்றையும் சண்டை முடிந்த பிறகு புல்டோசர் போட்டு இடித்தார்கள், யாழ்ப்பாணத்தில் கோப்பாயில் அந்தக் காணியிலேயே படை முகாம் கட்டினார்கள். 2016இல் சனம் கனகபுரத்துக்குள் போய்ப் பற்றை வெட்டித் துப்புரவு செய்தபோது கிடைத்தது உடைந்த கல்லறைத் துண்டுகள்தான், எந்தத் துண்டு எவருடையது என்று யாருக்குத் தெரியும். அதனால் இப்போது தாய்மார் உத்தேசமாக ஒரு இடத்தைப் பிடித்து, அந்த மண்ணில் படத்தை நிறுத்தி வைத்து அதன் முன்னால் விளக்குக் கொளுத்துகிறார்கள். கல்லறை செய்த வேலையை இன்றைக்குப் படம் செய்கிறது. அதைக் கண்டபடி அடித்துத் தருகிற கடையில் கொடுக்க முடியாது என்பது என் கட்சி.

இதே வீதியில் புதுக்குடியிருப்புக்குக் கிட்ட, தண்ணீருக்கு நடுவில், துவக்கும் கொடியும் பிடித்த ஆமிச் சிலை நிற்கிறது. ஆனையிறவில் 1991 சண்டையில் இயக்கத்தின் இரும்பு புல்டோசரை மறித்துச் செத்த ஆமிக்காரன் காமினி குலரத்னவுக்கு, அந்தப் புல்டோசரையே வைத்து நினைவிடம் கட்டியிருக்கிறார்கள், தெற்கிலிருந்து வருகிற பஸ்கள் நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் போகும். அந்தப் பிள்ளையை அவனுடைய ஊர் நினைக்கிறது, நினைக்கட்டும், அதில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. எங்கள் ஊருக்கும் ஒரு படம் வைக்கிற அளவு இடம் வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறோம்.

சரி, கடைக்கு வருகிறேன்.

முதலில் வேறொரு இடத்தில்தான் கொடுத்தோம். ரவுணில், ஏசி போட்ட கடை. அங்கே ஒரு பெடியன் போனில் ஏதோ ஏஐ அப்பைத் திறந்து ஒரு நிமிடத்தில் படத்தைப் பளபளவென்று மாற்றித் தந்துவிட்டான். பார்க்க நல்ல வடிவு. தோல் வெள்ளை, பல் வரிசை, கண்ணுக்குள் வெளிச்சம். கொண்டுபோய்த் தாயிடம் காட்டினால் அவ கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இது ஆற்றை பிள்ளை?" என்று கேட்டா. அதற்கு மேல் என்ன கதைக்க இருக்கிறது. அப்புக்கு அந்த முகம் தெரியாது, தெரியாத இடத்தை எல்லாம் அது தன்பாட்டில் எங்கேயோ கண்ட முகங்களை வைத்து நிரப்பிவிடும்.

இந்த ஸ்டூடியோவில் அண்ணை செய்கிற வேலை வேறு. படத்தை ஸ்கான் பண்ணிப் போட்டோஷொப்பில் பெருப்பித்து வைத்துக்கொண்டு கறையைக் கறையாகப் பார்த்துக் கையால் எடுக்கிறார். பாதிக் காது அழிந்துபோன படம் ஒன்று இருந்தது. "காது இல்லாட்டி இல்லாமலே விடுவம், நான் வேற காது வைச்சால் அது என்ரை காதுதான்" என்றார். இன்னொரு பழக்கமும் இருக்கிறது, எனக்கு அதுதான் பிடித்தது. வேலை முடிகிற நேரம் தாயையோ சகோதரத்தையோ வரச் சொல்லிப் பக்கத்தில் கதிரை போட்டு இருத்துவார். என் பெரியம்மா போய் இருந்தா. மகனுடைய இடது புருவத்துக்கு மேலே ஒரு கோடு இருந்ததாம், சின்ன வயதில் சைக்கிளால் விழுந்து வெட்டின தழும்பு. படத்தின் கீறல் என்று நினைத்து அண்ணை அதைத் துடைத்துவிட்டார். பெரியம்மா திரையில் விரலை வைத்து, "இதில ஒரு வெட்டு இருக்கவேணும் தம்பி, அதை எனக்குத் தாரும்" என்றா. அவர் ஒன்றும் சொல்லாமல் அசலை மறுபடி திறந்து அந்தக் கோட்டை மட்டும் திரும்பக் கொண்டுவந்தார். அதற்கு மேலதிகமாகக் காசு வாங்கவில்லை.

கண்ணாடியோடு ஒட்டிப்போன படங்களைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் வன்னியில் எல்லா வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கும், மண்ணுக்குள் இருந்து எடுத்தது, வெள்ளத்தில் நனைந்தது. தயவுசெய்து வீட்டில் வைத்து உரிக்காதீர்கள். உரித்தால் முகம் கண்ணாடியில் போய்விடும், கையில் வெள்ளைக் கடதாசிதான் மிஞ்சும். அண்ணை அதை அப்படியே வைத்து, பக்கத்திலிருந்து வெளிச்சம் அடித்துக் கண்ணாடியில் மினுங்காத மாதிரிக் கமராவால் எடுத்துத்தான் பிறகு திருத்துகிறார்.

உடுப்பு விசயம் கொஞ்சம் சிக்கலானது. 2024இல் ஆட்சி மாறின பிறகு நினைவுகூரத் தடையில்லை என்றார்கள், ஆனால் இயக்கத்தின் சின்னம், கொடி இருக்கக்கூடாது. இயக்கத்தின் வரிச்சீருடையோடு இருக்கிற படங்களை என்ன செய்வது என்று கேட்டேன். தான் தீர்மானிப்பதில்லை, வீட்டுக்காரர்தான் சொல்லவேண்டும் என்றார். சிலர் கழுத்துக்கு மேலே வெட்டச் சொன்னார்கள். சிலர், என்ன வந்தாலும் வரட்டும், அவன் இருந்த மாதிரியே இருக்கட்டும் என்றார்கள், அவற்றை வீட்டுக்குள் வைக்கிற படமாகத் தனியே அடித்துத் தந்தார். இன்னொரு அம்மா, மகனைக் கடைசிச் சண்டைக் காலத்தில் இயக்கம் பிடித்துக்கொண்டு போனது, "அவன் போகேல்லை, கொண்டு போனவை. அந்த உடுப்போட அவனை நான் ஒருநாளும் காணேல்லை" என்றா. மற்றக் கடைகளாக இருந்தால் கணினியில் இருக்கிற கோட்டையும் ரையையும் தூக்கி மாட்டிவிட்டிருப்பார்கள், வன்னியில் அரைவாசி வீட்டுச் சுவரில் ஒருநாளும் கோட் போடாத ஆட்கள் கோட்டோடு தொங்குவது இப்படித்தான். இவர் அதே பெடியனுடைய வகுப்புப் படத்தைத் தேடி எடுப்பித்து, அதிலிருந்த வெள்ளைச் சேட்டை எடுத்துப் பொருத்தினார். கொலர் கொஞ்சம் கசங்கியிருக்கிறது, அதையும் அப்படியே விட்டிருக்கிறார்.

அடுத்தது, கொண்டுபோய் மேசையில் படத்தை வைத்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி. விலை இல்லை, அளவு இல்லை. "விளக்கு வைக்கிற படமோ, தேடுற படமோ?" என்றுதான் கேட்பார். 2009 வைகாசியில் (மே) வட்டுவாகலில் ஆமியிடம் கையால் ஒப்படைத்த பிள்ளைகளை இன்னும் தேடுகிற தாய்மார் இருக்கிறார்கள், கிளிநொச்சியில் கந்தசாமி கோயிலடியில் 2017 மாசியில் (பெப்ரவரி) தொடங்கின காணாமல் ஆக்கப்பட்டோர் போராட்டத்தில் இருந்தவர்கள் எங்கள் ஊரிலும் உண்டு. அவர்களுடைய படத்துக்குப் பூமாலைக் கரை போட்டாலோ, கீழே திகதிக்கு இடம் விட்டாலோ அந்த இடத்திலேயே பிரச்சினை வரும், வரத்தான் வேண்டும். தேடுகிற படம் என்றால் ஏ4 அளவில், இரண்டு பக்கமும் லாமினேற் அடித்து, மேலே கயிறு கோர்க்க ஓட்டை போட்டுத் தருகிறார், கழுத்தில் போடவும் கையில் பிடிக்கவும் அதுதான் வசதி. எங்கள் பட்டியலிலும் அப்படி இரண்டு குடும்பம் "எங்கட பிள்ளையைச் சேர்க்க வேண்டாம்" என்றது. சேர்க்கவில்லை. பட்டியல் போடுகிற மற்ற ஊர்க்காரர் இதை முதலே வீடு வீடாகக் கேட்டுவிடுவது நல்லது, படம் அடித்த பிறகு கேட்டால் இரண்டு பக்கத்துக்கும் சங்கடம்.

இனி எதில் அடிப்பது. கார்த்திகை எங்களுக்கு மாரி மழை. மாலை 6.05க்கு மணி அடித்து, அகவணக்கம் முடிந்து, சுடர் ஏற்றுகிற நேரம் பார்த்துத்தான் சரியாக ஒரு மழை வரும். (1982இல் இயக்கத்தின் முதல் மாவீரர் சங்கர் செத்த நாளும் நேரமும் அது. 1989இலிருந்து அந்த நாள் மாறவில்லை, மழையும் மாறவில்லை.) கண்ணாடி போட்ட பிறேம் வீட்டுக்குச் சரி, வெளியே கொண்டுபோனால் பின்பக்க மட்டையால் தண்ணீர் ஊறி இரண்டு வருடத்தில் படம் வீங்கிவிடும். சாதாரண இங்க்ஜெற் பிரிண்ட் ஒரு தூறலுக்கே கரையும். பிளெக்ஸ் மலிவு, ஆனால் வெயிலில் வெளிறும், அதோடு முகத்தில் அந்தப் புள்ளி புள்ளியான தோற்றம், தேர்தல் பனர் போல. எங்களுக்கு அவர் சொன்னது லாபில் கழுவின பிரிண்டைப் பலகை மாதிரியான தடித்த போர்ட்டில் ஒட்டி, மேலே மினுங்காத லாமினேற், பின்னால் நிறுத்தி வைக்க ஒரு கால். 12க்கு 18 அங்குலம், திருத்துக்கூலி எல்லாம் சேர்த்து ஒன்று 3,000 ரூபாவுக்குள் வந்தது. போன கார்த்திகையில் நனைந்தது, துடைத்து எடுத்து வைத்தோம், இன்று வரை ஒன்றும் இல்லை. விளக்கை மட்டும் ஒரு முழம் தள்ளி வையுங்கள், கிட்ட வைத்த ஒரு படத்தில் லாமினேற் சுருங்கிவிட்டது.

குறை இல்லாமல் இல்லை. சொன்ன திகதிக்கு ஒருநாளும் தரமாட்டார், "நாளைக்கு வாரும்" என்பது அவருக்கு வாய்ப்பாடு, ஐப்பசி முடிந்து கொடுத்தால் 26ஆம் திகதி இரவு கடை வாசலில்தான் நிற்பீர்கள். ஒன்றிரண்டு படம் இருட்டாக வந்தது, சொன்னால் முகத்தைச் சுழித்துக்கொண்டுதான் திரும்ப அடித்தார், அடித்தார் என்பது வேறு கதை. பிறேம் வேலை எனக்குத் திருப்தி இல்லை, மூலை பொருந்தாமல் இடைவெளி நிற்கும், பிறேம் வேண்டுமென்றால் வேறு இடத்தில் போடுங்கள். முன்னால் இருக்கிற உதவிக்கார பெடியன் போனை விட்டுத் தலை நிமிர்த்த மாட்டான். படத்தின் கீழ் எழுதுகிற விபரத்தை வாயால் சொன்னால் நிச்சயம் பிழைக்கும், இயற்பெயர், இயக்கப்பெயர், பிறந்த திகதி, செத்த திகதி எல்லாவற்றையும் வடிவான எழுத்தில் எழுதிக் கொடுத்து, அடிக்க முதல் திரையில் வாசித்துப் பாருங்கள். கடைசி நேரத்துப் பிள்ளைகளுக்குச் சரியான நாள் பல வீடுகளில் தெரியாது, அவற்றுக்கு "2009 வைகாசி" என்று மட்டும் போட்டோம்.

வேலை முடிந்ததும் படங்கள் எல்லாவற்றையும் பென் ட்ரைவில் போட்டுத் தந்துவிட்டுத் தன் கணினியிலிருந்து எங்கள் கண்முன்னே அழித்தார். கேட்காமலே செய்தார். ஐந்துக்கு நாலு கொடுப்பேன், அந்த ஒன்று பிந்துவதற்காக.

போகிறவர்கள் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு போங்கள், காலையில் பாஸ்போர்ட் படம் எடுக்க வருகிற ஆட்களால் உள்ளே நிற்க இடம் இருக்காது. அசலைப் பொலித்தீனில் சுற்றிக் கொண்டுபோகாதீர்கள், வேர்த்து ஒட்டும். ஒரு பழைய கொப்பிக்குள் வைத்தால் போதும். கார்ட் எடுப்பதில்லை, காசாகக் கொண்டுபோங்கள்.